சுவர் ஏறப் போன நாள்

அந்த நீலப் பிளாஸ்டிக் தொட்டியைப் பார்த்ததுமே நான் இரண்டடி பின்னால் போய்விட்டேன். உள்ளே சுவர் ஏறுவதற்கான ஷூக்கள் குவிந்து கிடந்தன. காலையிலிருந்து யார் யாரோ சாக்ஸ் இல்லாமல் மாட்டிக் கழற்றிப் போட்டவை. பக்கத்தில் போனாலே ஈரத்துணியை இரண்டு நாள் வாளியில் ஊறப்போட்ட மாதிரி நாறியது.

நான் அப்போது பதினொன்றாம் வகுப்பு. பெரம்பலூர்ப் பக்கம் எங்கள் பள்ளி. அரியலூர் போகும் வழியில் ஒரு தனியார் பள்ளியில் விளையாட்டாக ஏறுவதற்கென்றே உள்ளரங்கில் புதிதாக ஒரு சுவர் கட்டி, பள்ளிகளுக்கிடையே போட்டி வைத்திருந்தார்கள். எங்கள் பி.டி. சார் மூன்று பேரைத் தேர்ந்தெடுத்தார். குரும்பலூரிலிருந்து வரும் ஒருத்தி, லப்பைக்குடிக்காட்டுப் பெண் ஒருத்தி, நான். அப்படிப்பட்ட சுவரை எங்களில் யாரும் பார்த்ததில்லை. சாரும் பார்த்ததில்லை. செல்போனில் வீடியோ காட்டிவிட்டு, கிரவுண்டில் இருந்த தண்ணீர்த் தொட்டியின் இரும்பு ஏணியில் எங்களை ஏறி இறங்கச் சொன்னார். பத்து நாள் அதுதான் பயிற்சி.

ஷூத் தொட்டியருகே நின்று எடுத்துக் கொடுத்த அண்ணனிடம் கேட்டேன்.

"சாக்ஸ் போட்டுக்கலாங்களா?"

"வழுக்கும்மா. வெறுங்காலோடதான் போடணும்."

என் அளவில் ஒரே ஒரு ஜோடிதான் மிச்சம். வலது காலை நுழைத்தேன். உள்ளே சொதசொதவென்று இருந்தது. கட்டைவிரலில் என்னவோ ஒட்டியது. காலை வெளியே இழுத்தால், யாருடைய காலிலோ இருந்த பேண்டேஜ், பழுப்பேறிப்போய் என் விரலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஓடிப்போய்க் குழாயடியில் காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். காலையில் சாப்பிட்ட இட்லி தொண்டை வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பியது.

"போடலன்னா ஏற முடியாது. போட்டுட்டு வாடி," என்றாள் குரும்பலூர்க்காரி. அவள் ஏற்கெனவே இடுப்பில் கயிறு மாட்டும் வாரைக் கட்டிக்கொண்டு தயாராக நின்றாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டுக்கொண்டேன்.

சுவரில் கலர் கலராகப் பிடிகள். ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. எத்தனையாவது பிடி வரை போகிறோமோ அதுதான் மதிப்பெண். லப்பைக்குடிக்காட்டுப் பெண் நான்காவது பிடியில் வழுக்கி, கயிற்றில் தொங்கிக்கொண்டே சிரித்தாள். நான் ஏறும்போது ஒவ்வொரு பிடியும் முன்னால் ஏறியவர்களின் வியர்வையும், கை வழுக்காமலிருக்கத் தடவும் வெள்ளைப் பொடியும் குழைந்து பிசுபிசுத்தது. ஒன்பதாவது பிடியில் கை நழுவியது. குரும்பலூர்க்காரி பதினாறு வரை போனாள். மூன்றாம் பரிசு வாங்கியவள் பதினேழு. ஒரே ஒரு பிடி வித்தியாசம். குரும்பலூர்க்காரி கீழே இறங்கியதும் எங்களுக்குத் தெரியாத பிள்ளைகளெல்லாம் கைதட்டினார்கள். எனக்கு ஷூ நாற்றமே மறந்துபோயிற்று.

அதோடு கிளம்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

போட்டியை நடத்திய மேடத்திடம் சார் பேசிக்கொண்டிருந்தார். நாங்கள் நாலடி தள்ளி நிற்பது தெரிந்தும் குரலைக் குறைக்கவில்லை.

"இதுங்கல்லாம் கூலிக்காரங்க வூட்டுப் புள்ளைங்க மேடம். சாப்பாட்டுக்கே வழியில்ல. காலைலகூட வெறும் வயித்தோடதான் வந்துருக்குதுங்க. ஏதாவது பாத்து செய்யுங்க மேடம்."

குரும்பலூர்க்காரியின் அப்பா சொந்தமாக வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். லப்பைக்குடிக்காட்டுப் பெண்ணின் அத்தா சவுதியில் இருக்கிறார். என் அம்மா அங்கன்வாடியில் வேலை செய்கிறாள். காலையில் சார் தின்ற இட்லியே என் டப்பாவிலிருந்து எடுத்ததுதான்.

மேடம் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் மைக்கில் எங்கள் பள்ளியைக் கூப்பிட்டார்கள். வறுமையை வென்ற மாணவிகளுக்குச் சிறப்புப் பரிசு என்றார்கள். அரங்கமே எழுந்து கைதட்டியது. கொஞ்ச நேரத்துக்கு முன் கேட்ட கைதட்டல் மாதிரி அது இல்லை. மூன்றாம் பரிசு வாங்கிய பெண்ணின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

மேடைக்கு ஏறும் இடத்தில் சார் எங்களை நிறுத்தினார். "செருப்பக் கழட்டிட்டுப் போங்கம்மா. பேப்பர்காரங்க போட்டோ எடுக்குறாங்க. வெறுங்காலா நின்னாத்தான் பாக்குறவங்களுக்குப் புரியும்."

"என்ன சார் புரியணும்?" என்றாள் குரும்பலூர்க்காரி. சாருக்கு முகம் சிவந்தது. அவள் செருப்போடு மேடையேறினாள்.

"அத்தா வாங்கி அனுப்புனது சார், இங்க விட்டா தொலைஞ்சிரும்," என்று சொல்லிக்கொண்டே மற்றவளும் பின்னால் போய்விட்டாள்.

நான் கழற்றினேன். ஏன் கழற்றினேன் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. சார் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். குனிந்து, செருப்பு வாரை அவிழ்த்து, ஓரமாக ஜோடி சேர்த்து வைத்துவிட்டுப் போய் நின்றேன்.

திரும்பும்போது பஸ் முழுக்க சிமெண்ட் லாரிகளின் தூசி. சார் முன் சீட்டில் உட்கார்ந்து யாருக்கோ போன் போட்டு, "ஸ்டேஜ் ஏத்திட்டோம்ல" என்று சொல்லிக்கொண்டு வந்தார். குரும்பலூர்க்காரி என் பக்கம் திரும்பவே இல்லை. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது, மேடையில் தனக்குக் கொடுத்த பரிசுக் கோப்பையை சாரின் சீட்டிலேயே வைத்துவிட்டு இறங்கினாள்.

மறுநாள் பேப்பரில் போட்டோ வந்தது. அம்மா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"செருப்பு எங்கடி?"

"சார் கழட்டச் சொன்னாரும்மா."

"அந்தப் புள்ளைங்ககிட்டயும்தானே சொன்னாரு?"

அம்மா பேப்பரை மடித்து ஜன்னலில் செருகிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். பள்ளியில் அதே போட்டோவைப் பெரிதாக்கி, லேமினேட் செய்து, முன்பக்க மாடிப்படியை ஒட்டிய தலைமையாசிரியர் அறை வாசலில் மாட்டினார்கள். பன்னிரண்டாவது முடிக்கும் வரை நான் பின்பக்க மாடிப்படியில்தான் வகுப்புக்குப் போனேன்.