பூட்டுக்கார மிஸ்னாடின்

கிழக்கு ஜாவாவில் ஒரு கூட்டுறவு நெல் கிடங்கில் முப்பத்தொரு வருடம் சாவிக்கொத்தோடு திரிந்தவர் மிஸ்னாடின். அத்தனை வருடத்தில் ஒரு மூட்டைகூடத் திருட்டுப் போகவில்லை என்று மார்தட்டிக்கொள்வார். எலி தின்றதும் மழையில் நனைந்து முளைத்ததும் அவர் பேச்சில் வராது. ஓய்வு பெற்ற அன்று, கிடங்கின் பழைய பித்தளைப் பூட்டுகளில் நாலைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதிலிருந்து அந்த வீட்டில் சர்க்கரை வைக்கும் அலமாரிக்குக்கூடப் பூட்டுதான். காலையில் காபி போட வேண்டுமானால், மனைவி சர்பினி அவர் குளித்துவிட்டு வரும்வரை அடுப்படியில் நிற்க வேண்டும். சாவி அவர் இடுப்பில்.

இந்த மனிதருக்கும் சர்பினிக்கும் பத்தொன்பது வருடம் காத்திருந்த பிறகு ஹஜ்ஜுக்குப் பெயர் வந்தது. மற்றவர்களாக இருந்தால் சந்தோஷத்தில் அழுதிருப்பார்கள். மிஸ்னாடினுக்கு வந்த முதல் கவலை பெட்டியைப் பற்றி.

பயண வகுப்பில் உஸ்தாத் வழிபாட்டு முறைகளைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது இவர் கையைத் தூக்குவார்.

“உஸ்தாத், ஒரு சந்தேகம்.”

“கஅபாவச் சுத்துற தவாஃபப் பத்தியா, பாக்?” ஆண்களை அங்கே மரியாதையாகப் ‘பாக்’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

“இல்ல. பெட்டிய விமானத்துல ஏத்துறவன், இறக்குறவன், நடுவுல வண்டியில தள்ளுறவன், மொத்தம் எத்தனை கை படும்?”

உஸ்தாத் தலையைச் சொறிவார். வகுப்பே சிரிக்கும். சர்பினி தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஹஜ் போகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பெட்டிதான் கொடுப்பார்கள். ஒரு விமானத்தில் நானூறு பேர் என்றால் ஒரே அளவு, ஒரே நிறம், நானூறு பெட்டி. அடையாளம் தெரிய நூல் குஞ்சம் கட்டுவார்கள், கம்பளி நூலில் வலை பின்னிப் போர்த்துவார்கள். மிஸ்னாடினுக்கு அது போதவில்லை. ஆறு பக்கமும் பெயின்டில் பெயர் எழுதினார். தன் போட்டோவை மூடிமேல் ஒட்டினார். காணாமல்போனவர் அறிவிப்பில் இருக்கிற முகம்போல அது விறைத்துக்கொண்டு நின்றது. சர்பினியின் பெட்டியிலும் அவர் போட்டோதான். கேட்டதற்கு, “பொம்பள முகத்தப் பார்த்தா திருடன் பயப்படுவானா?” என்றார். அந்த முகத்தைப் பார்த்து இந்த உலகத்தில் பயப்பட வேண்டியிருந்தவள் சர்பினி ஒருத்திதான்.

ஜிப்புக்கு மூன்று எண் பூட்டு ஒன்று, கிடங்குப் பித்தளைப் பூட்டு ஒன்று. அதன்மேல் பட்டை, பட்டைமேல் வலை, வலைமேல் பிளாஸ்டிக் கயிறு. எண்ணைத் தேர்ந்தெடுக்க மூன்று நாள் யோசித்தார். பிறந்த தேதி வைத்தால் திருடன் கண்டுபிடித்துவிடுவானாம். கல்யாண நாளும் கூடாதாம். இரண்டு பெட்டிக்கும் ஒரே எண் வைப்பது முட்டாள்தனமாம். கடைசியில் யாரோடும் எதோடும் சம்பந்தமில்லாத ஒரு எண்ணைச் சர்பினியின் பெட்டிக்கு வைத்தார்.

“எனக்குச் சொல்லுங்க, பாக். என் பெட்டிதானே?”

“நம்பர் தெரிஞ்ச ஆளுங்க கூடக்கூட ஆபத்து கூடும். இது கிடங்குல நான் படிச்ச பாடம்.”

சர்பினிக்கு அந்தப் பெட்டியில் ஒரே ஒரு பொருள்தான் முக்கியம். ஒரு நோட்டு. அவர்கள் தெருவில் யார் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டாலும் அக்கம்பக்கத்தார் தங்களுக்காக இறைவனிடம் துஆ கேட்கச் சொல்லிப் பெயர் கொடுப்பார்கள். சர்பினி ஒரு நோட்டை வாசலில் வைத்தாள். நூற்றுப் பதினேழு பேர் அவரவர் கையால் எழுதினார்கள். வகினி தன் மகனின் நொறுங்கிய கால் கூட வேண்டும் என்று எழுதினாள். மலேசியாவுக்குப் போய் ஏழு வருடமாகப் பேச்சுமூச்சில்லாத புருஷன் வரட்டும், இல்லையானால் விடுதலைக் கடிதமாவது அனுப்பட்டும் என்று எழுதினாள் போனியெம். காபிக்கடை கஸ்து எதிர்க்கடை படுத்துப்போக வேண்டும் என்று எழுதினார், பொடி எழுத்தில். ஒவ்வொருவர் கையையும் பிடித்துச் சர்பினி, “ரவ்ளாவுல உக்காந்து சொல்றேன், ஒருத்தரையும் விடமாட்டேன்” என்று வாக்குக் கொடுத்திருந்தாள். மதீனாவில் நபிகளின் பள்ளிவாசலுக்குள் இருக்கிற அந்த இடத்தில் கேட்டது வீண்போகாது என்பது தெருவில் எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை.

“நோட்ட மட்டும் கைப்பையில வெச்சுக்கிறேனே?”

“கைப்பையா? கைப்பையத்தான் முதல்ல அறுப்பான். பெட்டியில வை.”

வைத்தாள். பெட்டியைக் கொண்டுபோக ஆள் வந்த காலையில் அவள் வழியனுப்பு விருந்துக்குச் சோறு பரிமாறிக்கொண்டிருந்தாள். கடைசியாக எடை போட்டு, பூட்டி, கயிறு கட்டி அனுப்பியவர் அவர்.

மதீனாவில் அவர்கள் குழுப் பெண்களுக்கு ரவ்ளாவுக்குள் போக அனுமதி பகல் இரண்டு மணிக்கு. ஒரே தடவைதான், உள்ளே பத்து நிமிடம். பெட்டிகள் விடுதிக்கு வந்து சேர்ந்தது அன்று காலை பதினொரு மணிக்கு. பெண்கள் அறைக்குள் ஆண்கள் வர முடியாது என்பதால் மிஸ்னாடின் நடைக்கூடத்தில் சர்பினியின் பெட்டியைப் போட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கயிற்றை அவிழ்த்தார். வலையை உருவினார். பித்தளைப் பூட்டைத் திறந்தார். எண் பூட்டில் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது.

யாரோடும் சம்பந்தமில்லாத எண் அவரோடும் சம்பந்தமில்லாமல் போயிருந்தது.

“மறந்துட்டீங்களா?” என்றாள் சர்பினி.

“மறக்கல. ஞாபகத்துக்கு வரல.”

“பூட்ட உடைச்சிடலாம், பாக். பஸ் ஒன்றரைக்குக் கிளம்புது.”

“உடைக்கிறதா? நல்ல பூட்டு!”

சுழியத்திலிருந்து ஒவ்வொரு எண்ணாகத் திருப்ப ஆரம்பித்தார். இருநூறைத் தாண்டியதும் நடுவில் ஒன்றை விட்டுவிட்டோமோ என்று சந்தேகம் வந்து, நூற்றைம்பதிலிருந்து மறுபடி தொடங்கினார். வருகிறவர்கள் போகிறவர்கள் அவரைத் தாண்டிக் கால் வைத்துப் போனார்கள். ஒரு மணி ஆயிற்று. சர்பினி தொழுகை உடுப்போடு சுவரில் சாய்ந்து நின்றாள்.

அவளுடைய அறைத் தோழி தோஹிரோ வெளியே வந்தாள். மதுரா தீவுக்காரி, சந்தையில் கருவாடு விற்கிறவள், வாய்க்குப் பூட்டுப் போடாதவள்.

“ஏம்மா, உன் வீட்டுக்காரர் என்ன, பெட்டியில தஸ்பீஹ் மணி உருட்டுறாரா?”

“நம்பர் மறந்துபோச்சுக்கா. நோட்டு உள்ள இருக்கு.”

“நானூத்திப் பன்னெண்டுக்கு வந்துட்டேன், தொந்தரவு பண்ணாதீங்க” என்றார் மிஸ்னாடின் நிமிராமல்.

தோஹிரோ படிவம் எழுத வைத்திருந்த பேனாவை எடுத்தாள். குனிந்து, பூட்டைச் சீண்டக்கூடச் செய்யாமல், ஜிப்புப் பல்லுக்கு நடுவில் பேனா முனையை வைத்து ஒரு குத்துக் குத்தி இழுத்தாள். பெட்டி வாயைப் பிளந்தது. பூட்டு அப்படியே பூட்டியபடி தொங்கிக்கொண்டிருந்தது.

மிஸ்னாடின் துள்ளி எழுந்தார். “இது... இது திருடனுங்க வேலை! உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“ஜிப்பு கெட்டுப்போன பையெல்லாம் நாங்க இப்படித்தான் திறப்போம், பாக். ஜிப்போட பிடிய மேலயும் கீழயும் ஒரு தடவ ஓட்டினா மறுபடி மூடிக்கும். ஊருக்கே தெரிஞ்ச விஷயம். திருடனா இருந்தா உங்க பெட்டியையா தொடுவேன்? அதுல அடிக்கிற கருவாட்டு நாத்தம் என் கடையிலயே இருக்கு.”

சர்பினி இரண்டு கையையும் விட்டுத் துழாவினாள். இன்ஸ்டன்ட் நூடுல்ஸ் முப்பது பாக்கெட். அவருடைய கிராம்பு சிகரெட். வறுத்த கருவாடு, மிளகாய்ச் சாந்து. அடியில் அவளுடைய இரண்டு உடுப்பு. அதற்கும் அடியில் ஒரு இரும்புச் சங்கிலியும் இன்னொரு பித்தளைப் பூட்டும். நோட்டு இல்லை.

“நோட்டு எங்க?”

“அதுவா?” மிஸ்னாடின் தொண்டையைச் செருமினார். “முப்பத்திரெண்டு கிலோவுக்கு மேல இருநூறு கிராம் கூட நின்னுச்சு. எதையாவது எடுத்தாகணும்ல?”

“இந்தச் சங்கிலிய எடுத்திருக்கலாமே.”

“திரும்பி வரும்போது பேரீச்சம்பழம் இருக்கும், சாமான் இருக்கும். அதுக்குப் பாதுகாப்பு வேணாமா? நீ பயப்படாத. நோட்ட நம்ம அலமாரியில வெச்சு ரெட்டைப் பூட்டுப் போட்டிருக்கேன். எவனாலயும் தொட முடியாது.”

“மகளுக்குப் போன் பண்ணி எடுத்துப் படிக்கச் சொல்றேன். சாவி?”

அவர் பெருமையாக இடுப்பைத் தட்டிக் காட்டினார். வாசல் கதவுச் சாவியும் அங்கேதான்.

தோஹிரோ அவரை மேலும் கீழும் பார்த்தாள். சந்தையில் அழுகின மீனை அப்படித்தான் பார்ப்பாள். சர்பினிக்குக் கோபம் வந்ததா என்றால் வந்தது, வந்து போய்விட்டது. அதன்பிறகு வந்ததுதான் கெட்டது. இத்தனை அற்பமான ஒரு ஆளுக்காகவா முப்பத்தெட்டு வருடம் அடுப்படியில் நின்றோம் என்று அவளுக்கே தன்னைப் பார்க்கக் கூசியது. செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

உள்ளே பச்சை விரிப்பில் கூட்டம் தோளோடு தோள் இடித்தது. அழுகிறவர்கள் அழுதார்கள். சர்பினி முட்டி மடக்கி உட்கார்ந்து கண்ணை மூடினாள். நோட்டு இல்லாமல் எங்கே தொடங்குவது என்று முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு தெருவைத் தொழுகைக்கூட முனையிலிருந்து பிடித்தாள். இடதுபக்கம் முதல் வீடு வகினி, மகனின் கால். அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. மருமகளின் பிரசவம், நிலத்தகராறு, தூங்காத குழந்தை. கஸ்துவின் கடை நடக்கட்டும், எதிர்க்கடையும் நடக்கட்டும் என்று அங்கே மட்டும் அவளாகக் கொஞ்சம் மாற்றிக்கொண்டாள். கோடிவரை போய்ச் சாலையைத் தாண்டி வலதுபக்கம் திரும்பி வந்தாள். ஒரு கதவும் அவளுக்குத் தப்பவில்லை. கடைசிக்கு முந்தின வீடு போனியெம். புருஷன் வரட்டும், அல்லது விடட்டும். அடுத்தது அவளுடைய வீடு.

காவலுக்கு நின்ற பெண் இன்னும் கூப்பிடவில்லை. நேரம் இருந்தது. சர்பினி கையேந்தியபடி மகளுக்காகவும் பேரப்பிள்ளைகளுக்காகவும் கேட்டாள். பிறகு உள்ளங்கைகளை முகத்தில் தடவிக்கொண்டு எழுந்தாள்.

வாசலில் மிஸ்னாடின் காத்திருந்தார். கையில் புதுப் பூட்டு ஒன்று, ஜிப்பே இல்லாத பெட்டி எங்கே கிடைக்கும் என்று யாரிடமோ விசாரித்த முகம்.

“எல்லாருக்கும் கேட்டியா?”

“கேட்டேன்.”

“ஞாபகம் இருந்துச்சா? பார்த்தியா, நோட்டே தேவையில்ல. சரி, எனக்கு என்ன கேட்ட?”

சர்பினி செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டாள்.

“நீங்கதான் நோட்டுல எழுதவே இல்லையே, பாக்.”