தட்டி நிமிர்த்திய கார்

பெருந்துறையில் வேலை பார்க்கும் என் மனைவி காரில் வீடு திரும்பும்போது, பின்னால் வந்த லாரி இடித்து, முன்னால் நின்ற லாரியில் மோதவிட்டது. அவளுக்குத் தோள்பட்டையில் அடி, அவ்வளவுதான். நசுங்கிய காரைக் கட்டி இழுத்து வந்து, கணபதியில் இருக்கும் என் லேத் பட்டறை வாசலில் போட்டார்கள். அந்தப் பதற்றத்தில் போட்டோ எடுக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வர மூன்று நாள் ஆகும் என்று இன்சூரன்ஸ் கம்பெனியில் சொன்னார்கள். நான் பேசாமல் இருந்திருக்கலாம். வளைந்து கிடப்பதைப் பார்த்தால் நிமிர்த்தாமல் எனக்குச் சோறு இறங்காது. கதவுகளைத் தட்டினேன், பானெட்டைத் தட்டினேன், டிக்கியை ஜாக்கி வைத்துத் தள்ளினேன். வருகிறவர் முன்னால் அலங்கோலமாக நிற்கக் கூடாதென்று கழுவியும் வைத்தேன். என்னவோ பெண் பார்க்க வருகிற மாதிரி!

சர்வேயர் சின்ன வயதுக்காரர், மரியாதையானவர். காரைச் சுற்றி வந்து, கதவைத் திறந்து மூடினார். அது அழகாக மூடியது. எனக்கு அதில் பெருமை வேறு.

"நசுங்கலைப் பிரமாதமா எடுத்திருக்கீங்க சார். இதை ரிப்பேர்லயே முடிச்சுப்போடலாங்க."

அப்போதுதான் உறைத்தது. ரிப்பேர் செலவு காப்பீட்டு மதிப்பில் முக்கால் பங்கைத் தாண்டினால்தான் 'டோட்டல் லாஸ்' என்று எழுதி முழுத் தொகை கொடுப்பார்கள். இல்லாவிட்டால் இரண்டு லாரிக்கு நடுவே நசுங்கிய இதே காரை அவள் இதே ரோட்டில் ஓட்ட வேண்டும். வேறு கார் வாங்க எங்களுக்கு வழியில்லை.

வாதாடிப் பார்த்தேன். "நீங்க சொல்றது நியாயந்தானுங்க" என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தாளில் மட்டும் ரிப்பேர் என்றே எழுதினார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவர்மேல் இல்லை, என்மேல்தான்.

டேப்பை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் படுத்தேன். அவரையும் வரச் சொன்னேன். பாவம், வெள்ளைச் சட்டையோடு படுத்தார். காரின் அடிச்சட்டமான சேஸை மூலைக்கு மூலை குறுக்காக அளந்து காட்டினேன். இரண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். பதினெட்டு மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தது.

"நான் செஞ்சதெல்லாம் கண்ணுக்குத்தானுங்க. உள்ள எலும்பே முறிஞ்சு கெடக்குது. என்ற வேலை உதவாத வேலைன்னு எழுதிக்குங்க."

முப்பது வருஷத் தொழிலில் இப்படி ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வந்ததில்லை. அவர் தானும் ஒருமுறை அளந்து பார்த்தார். எழுதியதை அடித்துவிட்டு, சர்வீஸ் சென்டரில் பிரித்துப் பார்க்கச் சொன்னார். செலவு முக்கால் பங்கைத் தாண்டியது. முழுத் தொகையும் வந்தது.

சர்வேயர் வந்து போன அன்று மத்தியானச் சாப்பாட்டின்போது, நடந்ததையெல்லாம் மனைவியிடம் ஜம்பமாகச் சொன்னேன். வலது தோள் இன்னும் ஆறாததால், இடது கையால் ரசம் ஊற்றியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, சர்வேயர் வர்றதுக்கு முன்னாடி மூணு நாள் அந்தக் காரே கதின்னு கெடந்தீங்களே. அப்ப ஏனுங்க அளந்து பாக்கல?"

கதவு முதல் தடவை ஒழுங்காக மூடியபோது, இதிலேயே இவள் மறுபடி வேலைக்குப் போய் வரலாம் என்றுதான் நினைத்திருந்தேன்.