கறுப்பாகவே நின்ற ஊரப்பாக்கம்

உங்கள் வீட்டு மாடி காலியாக இருக்கிறது. வாடகைக்குக் கேட்டு வருகிறவரிடம் முதலில் எதைக் கேட்பீர்கள், வேலையையா, பெயரையா? பொய் சொல்லாமல் பதில் சொல்லுங்கள்.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்த சின்ன மென்பொருள் நிறுவனத்தில் அனம் புரோகிராமர். 2006இல் முதலாளி அப்பாதுரை வாடகை வீடு தேடும் இணையதளம் ஒன்றைத் தொடங்கினார். திரையில் ஓர் அட்டவணை: ஊர், அறைகள், வாடகை. ஊர்ப்பெயர் இருக்கும் கட்டத்தைச் சொடுக்கினால் அந்த வீட்டின் பக்கம் திறக்கும். படமும் உரிமையாளரின் தொலைபேசி எண்ணும் அங்கே கிடைக்கும். கட்டங்களுக்குள் அந்த இணைப்பை வைத்தவள் அனம்தான். சொடுக்கக்கூடிய பெயர் நீலத்தில், அடிக்கோட்டோடு தெரியும்.

அப்போது அவளுக்கே வீடு தேவைப்பட்டது. சேலையூர் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அம்மா பஷீரா பாத்திரங்களைச் சாக்கில் கட்டத் தொடங்கியிருந்தாள். பார்க்கப்போன இடத்திலெல்லாம் பெயரைக் கேட்டதும், “நேத்துதான் அட்வான்ஸ் வாங்கிட்டோம்” என்றார்கள். தளத்தில் ஊரப்பாக்கம் ஸ்டேஷன் பக்கம் ஒரு வீடு இருந்தது, வாடகையும் கட்டுப்படியாகும். தன் பெயரிலேயே பதிவு செய்து உள்ளே போனாள். ஊரப்பாக்கம் கறுப்பாக நின்றது. சொடுக்கினாள், ஒன்றும் திறக்கவில்லை. மேடவாக்கமும் அப்படியே.

தன் தவறு என்றே நினைத்தாள். மதியம் முழுக்கத் தன் நிரலைக் குடைந்துவிட்டு, பக்கத்து இருக்கை அன்புவைக் கூப்பிட்டாள்.

“அன்பு, லிங்க் வரமாட்டேங்குது, பாரேன்.”

“என் சிஸ்டம்ல சூப்பரா வருதே! தூக்கத்துல புரோகிராம் எழுதுனியா? ஆமா, எந்தப் பேர்ல உள்ள போன?”

“என் பேர்லதான்.”

அன்புவின் சிரிப்பு நின்றது. “சார் சொன்னாரு, அனம். நான்தான் ஒரு கண்டிஷன் போட்டேன்.”

பதிவு செய்யும்போது மதம் கேட்பார்கள். உரிமையாளர் வேண்டாம் என்ற மதத்துக்காரருக்குக் கட்டத்தில் இணைப்பு வராது. சோதித்துப் பார்த்தவர்களில் முஸ்லிம் யாரும் இல்லை, எல்லோரும் தங்கள் பெயரிலேயே சோதித்தார்கள். அவர்களுக்கு எல்லாம் நீலமாகவே தெரிந்தது.

அனம் நேராக அப்பாதுரையிடம் போனாள். “அந்த வரிசையையே எடுத்திருக்கலாமே சார்?”

“எடுத்துட்டா லிஸ்ட் காலியா தெரியுமேம்மா! நெறைய வீடு இருக்கற மாதிரி காட்டணும்ல? ஓனருங்க இஷ்டம், நாம என்ன பண்ண முடியும்? நீ எனக்குப் பொண்ணு மாதிரி. உனக்குன்னா தனியா பேசி ஒரு வீடு வாங்கித் தரேன்.”

பட்டென்று மறுத்திருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். கதவை அடைத்தவனே பின்வாசலைக் காட்டிவிட்டு நன்றியை எதிர்பார்க்கிறான்.

“எனக்கு மட்டும் வேணாம் சார். எல்லாருக்கும் தெறந்து விடுங்க.”

“பிசினஸ் தெரியாம பேசாத. போய் வேலையப் பாரு.”

போய் வேலையைத்தான் பார்த்தாள். அந்த நிபந்தனையை அழித்துத் தளத்தில் ஏற்றினாள். ஊரப்பாக்கம் நீலமானது. எண்ணை எடுத்துப் பேசினாள். பெயரைச் சொன்னதும் மறுமுனையில், “நேத்துதான் அட்வான்ஸ்…”

மறுநாள் காலை நிபந்தனை திரும்ப வந்திருந்தது, எழுதியவன் அன்பு. அனமின் வேலை போயிருந்தது. தாயும் மகளும் பல்லாவரத்தில் உறவினர் வீட்டு ஓர் அறையில் ஒடுங்கினார்கள். முன்பணம் வாங்கிவிட்டதாகச் சொன்ன அந்த வீடு, மழைக்காலம் முடிந்த பிறகும் அட்டவணையில் ஆளில்லாமல் கிடந்தது.

வீடு வைத்திருப்பவரே, உங்கள் கேட்டில் தொங்கும் டு-லெட் பலகையை இன்றைக்கே பாருங்கள். மதத்தைச் சொல்லாமலே ஆளை விலக்கும் ‘வெஜிடேரியன் மட்டும்’ என்று இருந்தால் அந்த வரியை அழியுங்கள். அடுத்து வருகிறவரிடம் பெயரைக் கேட்பதற்கு முன் கதவைத் திறந்து வீட்டைக் காட்டுங்கள்.