எதிர் நாற்காலியில் கைப்பை

எங்கள் அலுவலகத்தில் பென்சில் அக்கா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். எல்லாமே கம்ப்யூட்டரில் வரைகிற இந்தக் காலத்திலும் காதில் ஒரு பென்சிலைச் செருகிக்கொண்டு வருவாள். அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். அவள் வரைவாள், நான் அதை அசைய வைப்பேன். பற்பசை விளம்பரத்தில் பல் குதிப்பதும், பள்ளிப் பாடத்தில் மழைத்துளி விழுவதும் எங்கள் கைவேலைதான். இரண்டு பேருக்கும் சேர்த்து ஓர் அறை, ஒழுகுகிற ஒரு ஏ.சி., அதற்குக் கீழே ஒரு வாளி.

காலையில் வந்ததும் அக்காவுக்கு முதல் வேலை இணையத்தில் படம் பார்ப்பது. உலகத்தில் யார் யாரோ வரைந்து போட்டதையெல்லாம் பொறுக்கிச் சேர்ப்பாள். திரையில் கதவுகளுக்கு ஒரு பெட்டி, கைகளுக்கு ஒரு பெட்டி, மழைக்கு ஒரு பெட்டி. "நல்லதா நாலு பாத்தாத்தான் நமக்குக் கை ஓடும்" என்பாள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. படம் தேடப் போனால் கடைசியில் செருப்புக் கடையில்தான் போய் நிற்பேன்.

ஒரு பெட்டியில் மட்டும் ஒரே ஒரு படம் இருந்தது. நீல நிறத்தில் ஒரு சமையலறை. ஒரு பெண் நமக்கு முதுகைக் காட்டியபடி மேசையில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். எதிர் நாற்காலியில் அவளுடைய கைப்பை, விருந்தாளி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறது. ஜன்னல் கதவைக் கிழிந்த துணியால் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். வரைந்தவர் பெயர் இல்லை. யாரோ ஒரு புண்ணியவான் ஓரத்தை வெட்டிவிட்டுப் போட்டிருக்கிறான்.

அக்கா முதல் தடவை அதைக் காட்டியபோது, "ஆஹா, என்ன நிம்மதியா சாப்பிடறா பாருங்க! கொடுத்து வச்சவ" என்றேன். என் வீட்டில் மாமனார், மாமியார், போதாததற்கு இரண்டு வாலுகள். நான் உட்கார்ந்து சூடாகச் சாப்பிட்டு வருஷக்கணக்காகிறது. அக்காவுக்கோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"உனக்குக் கண்ணு இருக்கா இல்லையா? எவ்ளோ தனியா இருக்கா, அது தெரியல? நானும் வீட்ல பையத்தான் எதிர்ல வெச்சிட்டுச் சாப்பிடறேன். இத வரைஞ்சவ எங்கயோ ஒருத்தி இருக்கா. எனக்கு என்ன ஆகுதுன்னு அவளுக்குத் தெரியுது."

அம்மா இறந்து, தம்பி குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போனபின் அக்கா ஒரு சின்ன வீட்டில் தனியாக இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் போன் செய்து ஏதாவது வேலைச் சந்தேகம் கேட்பாள். சந்தேகம் உடனே தீர்ந்துவிடும். போனைத்தான் வைக்க மாட்டாள்.

அந்தச் சமயத்தில் எங்களுக்கு ஒரு வேலை வந்தது. தனியாக இருப்பவர்கள் மனம்விட்டுப் பேசுவதற்கென்று ஒரு போன் சேவை தொடங்குகிறார்கள். அதற்கு ஒரு குட்டிப் படம். அக்கா நீலப் படத்தை முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

"இதே மாதிரி ஆரம்பிக்கலாம் சார்."

"மாதிரின்னா காப்பிதானே? வரைஞ்சவங்களைக் கண்டுபிடிச்சு சம்மதம் வாங்கிடுங்க. அப்புறம் வம்பு வரக்கூடாது."

முதலாளி நைசாகக் கழற்றிவிடுகிறார் என்று நினைத்தேன். அக்காவின் முகமோ மலர்ந்துவிட்டது. வரைந்தவளைத் தேடுவதற்கு இப்போது ஒரு காரணம் கிடைத்துவிட்டது. அந்தப் படம் எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் போய், 'இதை வரைந்தவர் யார், தெரிந்தால் சொல்லுங்கள்' என்று எழுதிவைத்தாள்.

"கெடைச்சா மொதல்ல என்னக்கா கேப்பீங்க?" என்றேன்.

"சாப்டீங்களான்னு கேப்பேன்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

பதில் ஒன்றும் வரவில்லை. வேலையோ கழுத்தை நெரித்தது. சம்மதம் வருகிறபோது வரட்டும் என்று அக்கா வரைய ஆரம்பித்தாள். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. வரைந்துகொண்டே இருந்தால் நம் தப்பு நம் கண்ணுக்கே தெரியாது. அதனால் படத்தை இடம் வலமாகத் திருப்பிப் பார்ப்போம். கோணல் பளிச்சென்று தெரிந்துவிடும். அன்று நீலப் படத்தையும் தன் படத்துக்குப் பக்கத்திலேயே ஒட்டி வைத்திருந்தாள். திருப்பியபோது இரண்டும் சேர்ந்து திரும்பின.

அக்காவின் கை அப்படியே நின்றுவிட்டது.

"இந்த ஜன்னல்... இது எங்க பழைய வீடுடி."

நான் எழுந்துபோய்ப் பார்த்தேன். திருப்பிய நீலப் படத்தில் மேசை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அக்கா எந்த மேசையை வரைந்தாலும் முதலில் அந்தப் பக்கம்தான் சாயும். திருப்பிப் பார்த்துத்தான் நிமிர்த்துவாள். பல வருஷங்களுக்கு முன்னால் ஏதோ ஒரு பத்திரிகைக் கதைக்காக அவசர அவசரமாகக் கறுப்பு வெள்ளையில் வரைந்து கொடுத்துவிட்டு மறந்துபோயிருக்கிறாள். பிறகு யாரோ அதைத் திருப்பி, மேலே நீலத்தைக் கொட்டி உலவ விட்டிருக்கிறார்கள்.

"அடுத்தவங்க படத்தைத் திருப்பிப் பாத்துக் குத்தம் கண்டுபிடிக்கற பழக்கம் எனக்கு இல்லையே" என்றாள். அதனால்தான் இத்தனை வருஷம் தெரியாமல் போயிருக்கிறது.

உடனே படத்துக்குக் கீழே போய், 'இதை வரைந்தது நான்தான்' என்று எழுதினாள். இத்தனை நாள் வராத பதில் இதற்கு மட்டும் சுடச்சுட வந்தது: 'உங்களுக்கு முன்னாடியே ரெண்டு பேர் இதைச் சொல்லிட்டாங்க மேடம்.' முதலாளிக்கு ஒரே குஷி. "அப்ப சம்மதம் வாங்கற வேலை மிச்சம்!" என்றார்.

எனக்கும் சிரிப்பு வந்தது, அக்காவைப் பார்க்கும்வரை.

"ஒருத்தி இருக்கான்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றாள். "கடைசியில அதுவும் நான்தானா?"

வீட்டுக்கு வாங்கக்கா, சாப்பிட்டுப் போகலாம் என்றேன். இன்னொரு நாள் வருகிறேன் என்றாள்.

மறுநாள் படத்தை அசைக்க உட்கார்ந்தேன். போன் மணி அடிக்கும்போது அந்தப் பெண் திரும்ப வேண்டும். திரும்பினால் முகம் வேண்டும்.

"அழுத மாதிரி போட்டுக் குடுங்கக்கா."

அக்கா தலையசைத்து மறுத்தாள்.

"இல்ல. அவ சிரிச்சிட்டிருந்தா. அப்ப வீட்ல அம்மா, தம்பி, தம்பி பொண்டாட்டி, குழந்தைங்க. எனக்குன்னு உக்கார ஒரு நாற்காலி கெடையாது. கதையில அவ யாருமில்லாதவ, பாவம். எனக்கோ வரையறப்ப அவமேல பொறாமையா இருந்துச்சு. பைக்குக்கூட ஒரு நாற்காலி இருக்கட்டும்னு ஆசை ஆசையா வரைஞ்சேன். அன்னிக்கு நீ சொன்னதுதான் சரி."

அன்று சாயங்காலம் சிரித்த முகத்தையே காகிதத்தில் வரைந்து கொடுத்தாள். அனுப்பி வைத்தோம். முகத்தில் சோகம் வேண்டும் என்று போன் சேவைக்காரர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அக்கா அந்தக் காகிதத்தையே இழுத்து வைத்துக்கொண்டாள். காதிலிருந்து பென்சிலை எடுத்தாள். உதட்டைக் கொஞ்சம் இறக்கினாள், கண்ணுக்குக் கீழே ஒரு கோடு இழுத்தாள், என்னிடம் நீட்டினாள். ஒரு கதவு வரைவதற்குக்கூடப் பெட்டி பெட்டியாகத் தேடுகிறவள், அந்த முகத்துக்காக எந்தப் படத்தையும் திறந்து பார்க்கவில்லை.