எல்லை தாண்டிச் சொன்ன வயசு

கேளம்பாக்கம் பக்கம் போய் கோதண்டராமன் பஸ் என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். படூர், கல்பாக்கம் என்று ஆள் ஏற்றுகிற பதினோரு பஸ்ஸும் அவர் சொந்தச் சம்பாத்தியம். அஞ்சாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, கிளீனராகத் தொத்தி, டிரைவராகி, முதலாளி ஆனவர். ஒருத்தன் கைகொடுத்துத் தூக்கிவிடவில்லை. வயசைக் கேட்டால் ஐம்பத்தெட்டு என்பார். பத்து வருஷமாக அதே ஐம்பத்தெட்டுதான். தலைக்கு டை அடிக்க மறந்ததே கிடையாது.

அவருடைய முதல் பஸ்ஸை ஓட்டிய வரதனுக்கு அறுபத்துமூணு. தலை பஞ்சு மாதிரி வெளுத்துக் கிடக்கும். அவரை முதலாளி 'அண்ணாத்த' என்றுதான் கூப்பிடுவார். அவர் அண்ணாத்த ஆனால்தானே இவர் இளவட்டம்.

ஷெட்டில் ஒன்பது வருஷம் சமைத்துப் போட்ட நேபாளத்து பிமல், ஊரில் வீடு கட்டி அங்கேயே கடை வைத்துவிட்டான். தசைன் பண்டிகைக்கு முதலாளியும் வரதனும் வந்தே ஆகணும் என்று போனில் உயிரை எடுத்தான். ரயிலில் போய், சிலிகுரியில் மலை பஸ் ஏறினார்கள்.

பதினோரு பஸ்ஸுக்கு முதலாளி, முன் சீட்டு நமக்குத்தான் என்று போனார் கோதண்டராமன். அந்த பஸ் டிரைவர், வரதனின் வெள்ளைத் தலையைப் பார்த்தான். ஒரு மூட்டையை நகர்த்தி அவரைத் தன் பக்கத்தில் உட்காரவைத்தான். இவருக்குக் கடைசி வரிசை. வளைவுக்கு வளைவு மண்டை கம்பியில் இடித்தது. முன்னால் வரதன், பாஷை தெரியாமலே, டிரைவரிடம் கியரைக் காட்டிக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

டீக்கு நின்ற இடத்தில், "நம்ம வண்டி மாதிரியேதான் கீது மொதலாளி, கியர் சத்தம்கூட," என்றார்.

"பின்னாடி எனுக்குக் கேக்கலியா இன்னா?" என்றார் இவர்.

நேபாள எல்லையில் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, பனிமூட்டத்தில் கேட்டைத் தாண்டணும். போலீஸ்காரர் இவர் பையைக் குடைந்தார். வரதனுக்கு ஸ்டூல் போட்டார். கோதண்டராமனுக்கு வயிறு எரிந்தது. சம்பளம் கொடுத்தவன் நான், மரியாதை அவனுக்கா? அந்தப் பக்கம் ஏறிய பஸ்ஸிலும் ஜன்னல் சீட்டு வரதனுக்கே.

பிமலின் அம்மா வாசலுக்கே வந்து அழைத்துப்போனாள். மறுநாள் காலை கூடத்தில் ஆசனம் விரித்து, தயிரில் பிசைந்த சிவப்பு அரிசியைத் தட்டில் வைத்தார்கள். வயசில் பெரியவர் உட்கார்ந்து, சின்னவர் நெற்றியில் அதை அப்பி வாழ்த்துவது அங்கே முறை. பிமலின் அப்பா இப்போது இல்லை. வந்திருக்கிற பெரியவரே போடட்டும் என்றாள் அம்மா.

கோதண்டராமன் ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். அம்மா வரதனின் கையைப் பிடித்து ஆசனத்தில் உட்காரவைத்தாள். இவருக்கு வரிசையைக் காட்டினாள்.

பிமல், பெண்டாட்டி, தம்பிகள், அக்கா பிள்ளைகள், பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று பத்தொன்பது பேர் குனிந்தார்கள். வரதனுக்கு மணிக்கட்டுவரை சிவந்துபோனது. கோதண்டராமன் ஒவ்வொருத்தரையும் முன்னால் விட்டுவிட்டுப் பின்வாங்கினார். நான் போட்ட சம்பளத்தில் எழும்பிய சுவர் இது என்று உள்ளே புகைந்தது.

கடைசியில் இவர் ஒருத்தர்தான் பாக்கி. கையில் அரிசியோடு வரதன், "வா தம்பி" என்றார்.

அந்தத் 'தம்பி'யைத்தான் இவரால் தாங்க முடியவில்லை.

"பிமலு, உங்கம்மாகிட்ட சொல்லு. எனுக்கு அறுபத்தெட்டு."

பிமல் முழித்தான். "வருஷா வருஷம் உங்க பொறந்தநாள் கேக்குல ஐம்பத்தெட்டுன்னு நான்தானே மொதலாளி எழுதி வாங்கினு வருவேன்?"

"அது கேக்கு. இது நான் சொல்றேன்."

"பத்து வருஷமா அண்ணாத்த, அண்ணாத்தன்னு என்னைக் கெழவனாக்கிட்டியே," என்றார் வரதன்.

"உன் தலை வெள்ளையா கீது. நான் இன்னா பண்றது?"

"உன் தலையும் வெள்ளதான். கருப்பு, டை டப்பாவுல கீது."

பிமல் தன் பாஷையில் அம்மாவிடம் சொன்னான். அவள் கிட்டே வந்து இவர் வகிட்டை உற்றுப் பார்த்தாள். பயணத்தில் வேரடியில் வெள்ளை எட்டிப் பார்த்திருந்தது. வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே ஆசனத்தைத் தட்டிக் காட்டினாள். வரதன் எழுந்துகொள்ள, இவர் உட்கார்ந்தார். ஆனால் அந்தக் கூடத்தில் அரிசி வைக்க நெற்றி பாக்கியிருந்தது வரதன் ஒருத்தருக்குத்தான்.

வரதன் முழங்காலை மடித்துக் குனிந்தார். "போடு அண்ணாத்த. ஊருக்குப் போனா மறுபடி மாத்திப் பேசாத."

தட்டில் மிச்சமிருந்ததை மொத்தமாக வழித்து அவர் நெற்றியில் அப்பினார் கோதண்டராமன். மூக்குவரை வழிந்தது. பத்தொன்பது பேருக்குப் போட்ட ஆள் இப்போது குனிந்திருப்பது யாரிடம் என்பதை எல்லாரும் கவனித்தார்களா என்று, அத்தனை பேர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துக்கொண்டார்.