காலால் தட்டிய கதவு

அண்ணை போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் சிலர் அவரைத் தங்கமான மனிதர் என்பீர்கள். சிலர் பிடிவாதக்காரர் என்பீர்கள். இரண்டும் சரிதான். கூடவே பிறந்தவள் என்பதால் எனக்கு இரண்டாவதுதான் அதிகம் வாய்த்தது.

அவருடைய பிடிவாதங்களில் ஒன்று உறவுகள் பலரின் மனதைப் புண்படுத்தியிருக்கிறது. எங்கள் தம்பிக்கு, இறந்தவரை வழியனுப்பும் அந்தியேட்டிச் சடங்கைச் செய்ய அவர் கடைசிவரை சம்மதிக்கவில்லை. அண்ணையின் தகனத்துக்கு வந்த இடத்திலும் என்னிடம் அதைக் கேட்டார்கள். இந்த ஆண்டுத் திவசத்தோடு தம்பிக்கும் சேர்த்துச் செய்து முடித்துவிடு என்று இப்போதும் சொல்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது.

அண்ணை வடமராட்சியில் பிறந்தார். எங்களைப் பெற்ற ஐயா இளவயதிலேயே கண்ணை மூடிவிட, படிப்பை விட்டுக் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலைக்குச் சேர்ந்து எங்கள் இருவரையும் ஆளாக்கினார். கடையில் யாருக்கும் நிறை குறைத்துக் கொடுத்தது கிடையாது. வீட்டில் சிரிப்பதும் கிடையாது. அவரைச் சிரிக்க வைக்கத் தெரிந்தவன் தம்பி ஒருவன்தான். இராணுவத்தின் ஒரு சுற்றிவளைப்பின்போது தம்பியை ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதன் பிறகு அவனைப் பற்றி எந்தச் செய்தியும் இல்லை. முகாம் முகாமாக அலைந்த அண்ணையையும் தேடத் தொடங்கியபோது அவர் நாட்டை விட்டு வெளிக்கிட்டார். சுவிட்சர்லாந்தில், இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல் குசினியில் சட்டி கழுவும் வேலை கிடைத்தது. பின்னால் என்னையும் கூப்பிட்டுக்கொண்டார்.

ஹோட்டல்காரர் கொடுத்த அறையில் ஒரு பெண்பிள்ளையை வைத்திருக்க இடமில்லை. அப்போது தன் வீட்டின் மேல்மாடியை எங்களுக்குத் தந்தவர் நோரா அம்மா. அயர்லாந்துக்காரர். பிள்ளை பார்க்கும் வேலைக்கென்று இளவயதில் இங்கே வந்து, ஒரு ரயில்வே ஊழியரை மணந்து, அவரையும் இழந்து தனியாக இருந்தார். அண்ணைக்கு ஜெர்மன் வராது, ஆங்கிலம் வரும். நோரா அம்மாவுக்கு ஆங்கிலத்தில் கதைக்க ஆள் இல்லை. அதனால் இருவருக்கும் நன்றாக ஒத்துப்போனது.

அந்த வீட்டில் எங்களுக்கு முதல் நவம்பர். அந்த மாதத்தில் இன்டர்லாக்கனில் ஹோட்டல்கள் பாதி பூட்டிக் கிடக்கும். சூரியன் மத்தியானம் கழிந்ததுமே மலைக்குப் பின்னால் போய்விடும். ஒருநாள் பின்நேரம் கீழ்வீட்டிலிருந்து குளிர்காற்று மாடிவரை ஏறி வந்தது. இறங்கிப் பார்த்தோம். நோரா அம்மா மாதா கோயிலுக்குப் போயிருந்தார். வாசல் கதவு சும்மா சாத்தப்பட்டு, நாதாங்கி போடாமல் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அடுப்பில் விறகு நிறைய எரிந்தது. அடுப்பைப் பார்த்தபடி உட்கார ஒரு கதிரை. பக்கத்தில் அவித்த உருளைக்கிழங்கும் ஒரு கோப்பைப் பாலும்.

அண்ணை பால் கோப்பையைக் காட்டினார்.

“இது ஆருக்கோ படைச்சிருக்கு, தங்கச்சி,” என்றார். “கதவைத் திறந்து போட்டால் செத்துப்போனதுகள் எப்படி வந்து சாப்பிடும்?”

படையல் வைத்தால் கதவைச் சாத்திவிட்டு வெளியே போய் நிற்பதும், பிறகு தட்டிச் சத்தம் காட்டிவிட்டுத் திறப்பதும் எங்கள் வழக்கம் அல்லவா. அண்ணை வாசல் கதவை இழுத்துச் சாத்தி நாதாங்கியும் போட்டார். இருவரும் மாடிப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றோம். அந்நிய வீட்டில் இது என்ன வேலை என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

அப்போது கதவு தட்டும் சத்தம் கேட்டது. கை தட்டும் உயரத்தில் இல்லை. நிலத்தோடு ஒட்டி, கதவின் அடியில். மெதுவாக, யாரோ காலால் தட்டுவதுபோல. என் சிரிப்பு நின்றுவிட்டது. நோரா அம்மாதான் வந்துவிட்டார் என்று நினைத்த அண்ணை, வழக்கப்படி ஒருதரம் செருமிவிட்டுப் போய்க் கதவைத் திறந்தார்.

வெளியே ஒருவரும் இல்லை. ஆனால் அண்ணை, வழிவிடுவது போலத் தள்ளி நின்று, “வாடா, வந்து சாப்பிடு,” என்றார். தம்பியைக் கூப்பிடும் குரல் அது. அதை நான் கேட்டு எத்தனையோ காலம்.

தெருமுனையில் நோரா அம்மா வந்துகொண்டிருப்பது தெரிந்தது. படலையைத் திறந்து வாசலுக்கு வந்தவர் திறந்திருந்த கதவைப் பார்த்தார். குனிந்து கதவின் அடிப்பலகையைத் தொட்டார். அங்கே கறுப்பாகச் சேறு அப்பியிருந்தது. தெரு முழுவதும் அன்று உறைந்து காய்ந்து கிடந்தது. விரலில் எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“ஆர் பூட்டினது?” என்று கேட்டார்.

“நான்தான்.”

“ஆர் திறந்தது?”

“அதுவும் நான்தான்,” என்றார் அண்ணை.

நோரா அம்மா அன்று சொன்னதை அண்ணை எனக்குத் தமிழில் சொன்னார். அவருடைய ஊர் சிறிய ஊர். சதுப்பு நிலத்துக் கறுப்பு மண்ணைக் கட்டியாக வெட்டிக் காயவைத்துத்தான் அடுப்பெரிப்பார்கள். ஒரு வீட்டுக்கு வெட்டும் நாளில் எல்லா வீட்டு ஆட்களும் வருவார்கள். அயர்லாந்து சுதந்திரத்துக்குப் போராடிய காலத்தில் அந்த ஊருக்கு லொறிகளில் பிரிட்டிஷ் ஆமி வரும். பால்சாலையைக் கொளுத்தினார்கள். இளைஞர்கள் சதுப்பு நிலத்தில் பதுங்கிக் கிடந்தார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டு வெளியே வரவைத்துச் சுட்டதால், யார் கூப்பிட்டாலும் திறப்பதில்லை என்று ஊர் முடிவெடுத்தது. ஊர்ப் பிள்ளை என்றால் நகத்தால் கதவைச் சுரண்டுவான். அதற்கு மட்டும்தான் திறக்க வேண்டும்.

நோரா அம்மா அப்போது சிறுமி. ஒரு நவம்பர் பொழுதுபட்ட நேரம் அவர்கள் கதவின் அடியில் தட்டுச் சத்தம் கேட்டது. சுரண்டல் இல்லை. பேச்சும் இல்லை. தாய் பிள்ளையின் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தார். சத்தம் நின்றுவிட்டது. விடிந்து பார்த்தால், நோரா அம்மாவின் தமையன் கதவில் சாய்ந்தபடி இறந்துகிடந்தார். இரண்டு கைகளிலும் காயம். சுரண்டுவதற்கு விரல் இல்லை.

ஊரே கூடிப் புதைத்தது. சுதந்திரம் வந்த பிறகு கல்லில் பெயரும் வெட்டியது. ஆமி சுட்டு இறந்தவர் என்று எழுதினார்கள், அது பொய்யில்லை. கதவைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. எந்த வீடாக இருந்தாலும் அன்று திறந்திருக்க மாட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். செத்தவர்களுக்காக நவம்பரில் ஒருநாள் கதவை நாதாங்கி போடாமல் விடுவது அங்கே பழைய வழக்கம்தான். அதற்குப் பிறகு ஒரு வீடும் அதை மறந்ததில்லையாம்.

“நாங்கள் திறந்து விடுறது அவனுக்காக இல்லை,” என்றாராம் நோரா அம்மா. “தட்டுற சத்தம் இன்னொருக்கால் கேட்கக்கூடாது எண்டுதான். பூட்டின கதவைத் திறந்து வா எண்டு சொன்னது நீங்கள் ஒராள்தான்.”

தம்பியின் அந்தியேட்டி பற்றி அதன் பிறகு நான் கேட்டபோது அண்ணை சொன்னது இதுதான்: “செத்துப்போனான் எண்டு வழியனுப்பிப்போட்டுக் கதவைப் பூட்டினால், அவன் உயிரோடை வந்து தட்டினால் ஆர் திறக்கிறது?” அந்த ஆண்டிலிருந்து நவம்பரில் அந்த அடுப்பருகே, நோரா அம்மாவின் தமையனுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று என்று இரண்டு கதிரை போடப்பட்டது. கதவைச் சாத்திவிட்டு, அண்ணை அதன் பின்னாலேயே நிற்பார். சில ஆண்டுகள் சத்தம் கேட்கும். சில ஆண்டுகள் கேட்காது. கேட்டாலும் கேட்காவிட்டாலும் திறந்து, “வாடா” என்பார்.

பேர்ண் ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் அவருக்குப் பேச்சு குறைந்துவிட்டது. ஒரு பின்நேரம் கட்டிலிலிருந்து எழும்பப் பார்த்தார். “அண்ணை, என்ன வேணும்?” என்று கேட்டேன். “ஆரோ தட்டுறாங்கள், நீ போய்த் திற,” என்றார். நான் போய் அறைக்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்தபோது அண்ணையின் உயிர் போயிருந்தது. முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு இருந்தது. தம்பி மட்டும் வரவைக்கத் தெரிந்த சிரிப்பு. தம்பி உயிரோடு இருக்கிறானா என்பது எனக்கு இன்னும் தெரியாது.

தகனம் முடித்து வந்து மாடியில் நான் தனியாக இருந்தேன். கதவின் அடியில் தட்டுச் சத்தம் கேட்டது. எழும்பிப் போனேன். திறந்தால் நோரா அம்மா. இரண்டு கையிலும் சூப்புப் பானையைப் பிடித்திருந்ததால் காலால் தட்டியிருக்கிறார். தட்டிய பிறகுதான் தான் செய்தது அவருக்கே விளங்கியிருக்க வேண்டும். பானையை வாங்கக்கூட முடியாமல் இருவரும் வாசலில் நின்று அழுதோம்.

அண்ணைக்கு வைத்தியம் பார்த்தவர்கள், ஹோட்டல் குசினியில் அவருடைய வேலைமுறையையும் சேர்த்துச் செய்தவர்கள், பேர்ணிலும் பாடனிலுமிருந்து சோறு கறி சமைத்துக் கொண்டுவந்தவர்கள், எங்கள் நோரா அம்மா, எல்லோருக்கும் என் நன்றி. தம்பிக்கும் சேர்த்துச் செய்யச் சொன்ன உறவுகள் என்னை மன்னிக்க வேண்டும். செய்யமாட்டேன். பிடிவாதம் எங்கள் வீட்டுச் சொத்து.

திவசத்தன்று அவசியம் வாருங்கள். நோரா அம்மாவின் அடுப்பருகே மூன்று கதிரை இருக்கும், அவற்றில் மட்டும் உட்கார வேண்டாம். கதவு சாத்தியிருக்கும். கையில் பாத்திரம் இருந்தால் காலால் தட்டுங்கள். நான் கதவுக்குப் பின்னாலேயே நிற்பேன். யாரென்று கேட்காமல் திறப்பேன்.

அன்புத் தங்கை