நாற்பத்தேழாம் பக்கத்து முத்திரை

1967 ஜூலை 18, செவ்வாய்க்கிழமை, முற்பகல் பதினொன்று பத்து. மழை இல்லை, ஆடிக் காற்று மட்டும். பதினான்கு ஜன்னல்களையும் மூடினேன். மூடினேனா என்று இரண்டு முறை பார்த்த பிறகுதான், சூரமங்கலத்துப் பெண்கள் கல்லூரியிலிருந்து பஸ்ஸில் வந்த பொட்டலத்தைப் பிரித்தேன். நூற்று முப்பத்தாறு நூற்பட்டியல் அட்டைகள்.

அப்போது நான் நாமக்கல்லில் ஒரு கல்லூரி நூலகத்துக்குப் பொறுப்பாளன். பக்கத்துக் கல்லூரிகள் ஐந்து சேர்ந்து எந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரிய ஓர் ஏற்பாடு செய்திருந்தோம். ஒவ்வொரு புத்தகத்துக்கும் அட்டை எழுதும்போது மற்ற நான்கு கல்லூரிகளுக்கும் ஒவ்வொரு பிரதி எழுதி அனுப்ப வேண்டும். வேலை ஐந்து மடங்காகிறதே என்று முதலில் முணுமுணுத்தவன் நான்தான்.

அந்த வாரம் அட்டையில் மனம் ஒட்டவில்லை. வருடாந்தரச் சரிபார்ப்பில் ஒரு தாவரவியல் நூலின் மூன்றாம் தொகுதியைக் காணோம். நான்கு தொகுதிகளில் ஒன்று தொலைந்தாலும் நான்கின் விலையையும் பொறுப்பாளன் கட்ட வேண்டும் என்பது விதி. நூற்று நாற்பது ரூபாய். என் சம்பளம் தொண்ணூற்றைந்து. முதல் தேதியிலிருந்து பிடித்தம் என்று முதல்வர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

எண்பத்தொன்றாவது அட்டையில் கை நின்றது. அதே தாவரவியல் நூல். கீழே சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு: 'மூன்றாம் தொகுதி மட்டும். எங்களுடையது அல்ல. 47ஆம் பக்கத்தில் பாதி வெட்டுப்பட்ட வேறொரு முத்திரை.'

ஒவ்வொரு நூலகமும் ஏதோ ஒரு பக்கத்தில் ரகசியமாக ஒரு முத்திரை குத்தி வைக்கும். எங்கள் பக்கம் நாற்பத்தேழு. வெளியே ஒருவருக்கும் தெரியாது.

"ஏனுங்க சார், ஒரே அட்டையையே பாத்துட்டு இருக்கறீங்க. மேலுக்குச் சொகமில்லீங்களா?" என்றார் அட்டெண்டர்.

மறுநாள் சூரமங்கலம் போனேன். அங்கே நூலகத்தைப் பார்த்துக்கொண்டவர் ஒரு கன்னியாஸ்திரி.

"பத்து மாசமா உங்க புஸ்தகத்தை வெச்சுக் காப்பாத்தறேன் சார். பைண்டிங் போன கட்டுல எங்க புஸ்தகம் ஒண்ணு மாறி இது வந்துடுச்சு. பைண்டர்கிட்ட கேட்டா, 'எண்ணிக்கை சரியா இருக்கேம்மா'ங்கறார்! இருபது குடுத்தா இருபதுன்னு எண்ணி வாங்கிட்டுப் போறவங்களும் இருக்காங்களே, அவங்கள என்ன சொல்றது?"

அதே பைண்டரிடம் இருபது கொடுத்து இருபது என்று எண்ணி வாங்கியவன் நான்.

"முத்திரையில ஊர்ப் பேரு பைண்டர் ஓரம் வெட்டின கத்தியில போயிடுச்சு. பக்கமாவது மிச்சம் இருக்கேன்னு எழுதி வெச்சேன். நாலு காலேஜுக்கும் போகுமில்ல?"

எழுதும்போது அவருக்கு என்னைத் தெரியாது, புத்தகம் எந்த ஊருடையது என்றும் தெரியாது. முப்பது மைலுக்கு அப்பால், உள்ளங்கை அகல அட்டையில், யார் படிப்பார் என்று அறியாமலே ஒரு வரி எழுதியிருக்கிறார். அன்று மாலை எங்கள் அட்டைப் பெட்டிகளின் முன் வெகுநேரம் நின்றேன். ஐந்து கல்லூரிகளின் புத்தகங்களும் அகர வரிசையில் ஒரே குடும்பம்போல அடுக்கப்பட்டிருந்தன. பதின்மூவாயிரத்து நானூற்றிரண்டு அட்டைகள். அன்றுவரை அவற்றை நான் எண்ணத்தான் செய்திருந்தேன்.

மறுநாள் தொகுதியைக் காட்டியதும் முதல்வர் பிடித்தத்தை அடித்துவிட்டார். அவர்களுடைய புத்தகம் எங்கள் அலமாரியில் ஒரு மூலையில் கிடைத்தது. அதைக் கொடுக்க இன்னொரு முறை போனேன். இரண்டு நடைக்கும் பெரிய பஸ் ஐந்து ரூபாய், டவுன் பஸ் நாற்பது பைசா. நூற்று நாற்பது ரூபாய் போகவிருந்த இடத்தில், ஆக மொத்தம் ஐந்து ரூபாய் நாற்பது பைசா.